எரியாதேங்கோ

மார்ச் மாதக் கடைசி வெள்ளி இரவு
தொலைந்த பொருள் பெட்டியைக் கறுப்புப் பையில் கவிழ்ப்பது
என் வேலைகளில் ஒன்று.
ஏழு வருடமாய்க் கவிழ்த்திருக்கிறேன், அஜாக்ஸில்,
ஏரிக்காற்று நேரே வந்து முட்டும் இந்தப் பள்ளியில்.
பெட்டிக்குள் என்ன இருக்கும்?
ஒரு சாப்பாட்டு டப்பா, அதற்குள் ஜனவரி.
பல்லுக் கம்பி ஒன்று. இரண்டு தொப்பி.
மிச்சமெல்லாம் கையுறை.
எல்லாம் ஒற்றை.
வலதுதான் அதிகம்:
பென்சில் பிடிக்க, பனியுருண்டை எறிய, மூக்குத் துடைக்க
முதலில் கழற்றுவது அதைத்தானே.

அந்த வருடம் பெட்டியின்மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது.
ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே
சிவப்புப் பென்சிலில், கோணல் தமிழில்:
"அன்ரி, தயவுசெய்து எரியாதேங்கோ."

நான் ஏன் எரியப்போகிறேன்?
என்னில் எரிவது முழங்கால் மட்டும், அதுவும் படிக்கட்டில்.
பிறகுதான் விளங்கியது.
பெரிய ற வரவேண்டிய இடத்தில் சின்ன ர.
பிழை என்று சொல்ல மனம் வரவில்லை.
இந்தப் பக்கம் எறிகிற குப்பை போய்ச் சேர்வது
கிழக்கே, எரிக்கிற ஆலைக்கு.
நாங்கள் எறிகிறோம், அது எரிகிறது,
ஓர் எழுத்துத்தான் தூரம்.
பையை மடித்து வைத்துவிட்டுப் போனேன்.

பிறகு நடந்ததை நான் இரவுகளில்தான் கண்டேன்,
தரையில் மிஞ்சியதை வைத்து.
திங்கள், நூல்.
செவ்வாய், இன்னும் நூல், இரண்டு ஊசி;
ஒன்றை என் சப்பாத்து கண்டுபிடித்தது.
வியாழன், மினுக்குத் தூள்.
மினுக்குத் தூளும் பிளாஸ்டிக்தான் என்று
யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும்,
மறுபடி அது வரவில்லை.
ஆனாலும் ஜூன் வரை கூட்டினேன் அந்த ஒரு வியாழனை.

வெள்ளைப்பலகையில் சண்டையின் தடம்:
சுவரில் தொங்கவிடுவோம், என்று ஹோடன்.
தொங்கவிட்டு? கோடையில் திரும்பவும் குப்பை, என்று ஜெரிக்கோ.
கீழே சிவப்பில், பெயரில்லாமல்:
அப்படியென்றால் அதற்கும் ஒரு வேலை கொடுப்போம்.

செய்தது பாம்பு.
நூற்று நாற்பத்து மூன்று கையுறை, விரலோடு விரல் தைத்து,
வயிற்றுக்குள் கிழித்த கணக்குப் பரீட்சைகள்.
ஜிம் பின்கதவின் அடியில் கிடந்தது,
ஏழு குளிர்காலம் நான் துவாய் சுருட்டி வைத்த இடத்தில்.
ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள்.
அந்தக் கதவின் ஊளையை நிறுத்தியவை
அத்தனையும் ஒற்றைக் கைகள்.

அடுத்த ஜனவரியில் முதலாம் வகுப்புப் பொடியன் ஒருவன்
பாம்பின் கழுத்தடியில் படுத்து அழுதானாம்:
பச்சை தன்னுடையது, மற்றது வீட்டில் இருக்கிறது.
தர்மிகா கத்தரிக்கோல் எடுத்தாளாம்.
ஆசிரியை பதறினாராம், இவ்வளவு பாடுபட்டுச் செய்ததையா என்று.
"இது குட்டையானால்தான் மிஸ் எங்களுக்கு வெற்றி."
பகல் வேலை பார்க்கும் டெஸ்மண்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
சிவப்புப் பென்சில் யாருடையது என்றும்
அப்போதுதான் தெரிந்தது.

அதன்பிறகு வரத் தொடங்கினார்கள், சோடி தேடி.
கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வாரத்துக்கு ஒரு கோடு,
பிள்ளை வளர்கிற உயரத்தைக் குறிப்பதுபோல,
ஆனால் கீழ்நோக்கி.

இன்றைக்கு நூற்றுப் பதினேழு.
வால் பக்கம் ஒரு முழம் வெளி. காற்று திரும்பவும் உள்ளே.
குளிர்கிறது. துவாயை எடுக்கப் போய்
எடுக்காமல் வந்தேன்.

நானும் ஒரு தாள் ஒட்டினேன்:
"வால் பக்கம் காற்று வருகிறது.
வீட்டில் சோடியில்லாத காலுறை பதினொன்று இருக்கிறது.
எறியவில்லை."
பெரிய ற, இரண்டுதரம் அழுத்தி.

மறுநாள் இரவு பதில்:
"காலுறை பாம்புக்குச் சரிவராது அன்ரி, அதுக்குக் கால் இல்லை.
மறவட்டை செய்வம். பதினொண்டு காணாது."

மரவட்டைக்குச் சின்ன ர.
சொல்லவில்லை.
கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.